வேலைக்காரி: இல்லை

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் எல்ஸ்பெத் அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொண்டாள். வேலைக்காரி வைத்திருக்கும் வீடுகளுக்கு வரி எழுதும் டெயிட் தெருமுனையில் திரும்புவதை முன்பே பார்த்துவிட்டாள்.

வரி கட்டப்போவது வீட்டு எஜமான் வைத்தியர் மூர்ஹெட், அவளுக்கென்ன? ஆனால் எழுதிய வேலைக்காரிகளின் பெயர்களை ஞாயிற்றுக்கிழமை கெல்சோ ஊர்த் தேவாலயக் கதவில் ஒட்டுவார்களே! அவள் அடிமையாகக் கட்டுண்டிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு ஓடிவந்தவள். சுரங்க முதலாளியின் ஆள் ஊர் ஊராகப் போய்த் தேவாலயக் கதவுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தான். ஓராண்டும் ஒரு நாளும் அகப்படாமல் இருந்துவிட்டால் சட்டப்படி அவளை யாரும் தொட முடியாது. இன்னும் பதினோரு நாள் பாக்கி. அகப்பட்டால் மறுபடியும் கரிக்கூடை, அக்காள் விழுந்து செத்த அதே ஏணி.

நல்லவேளையாக மூர்ஹெட் எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். கல்யாணமாகாத ஆம்பிளைக்கு இந்த வரி இரட்டிப்பு வேறு.

"நம்ம வீட்ல வேலைக்காரியே கிடையாதுங்க," என்றார்.

"அப்ப அடுப்படியில மாவு பிசையிறது யாரு, பேயா?" என்றார் டெயிட்.

தன் அக்காள் மகள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி மனுஷனுக்குப் பதற்றத்தில் வாய் குளறிவிட்டது. "அது... என் பொண்டாட்டி!"

டெயிட் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுப் பேசும் வைத்தியரே. நம்ம ஸ்காட்லாந்துல சாட்சி முன்னால நீர் இப்படிச் சொல்லி, அவளும் ஆமான்னா, கல்யாணம் முடிஞ்சுது. பாதிரியும் வேணாம், மோதிரமும் வேணாம். சாட்சி நான் இருக்கேன்."

"ஐயையோ, சும்மா சொன்னேன்யா!"

"பொய்யா? அப்ப அபராதம் தனி."

அபராதத்துக்குப் பயந்து மூர்ஹெட் ஒதுங்கி நின்றார். டெயிட் அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார்:

"இங்க வாம்மா. இவர் உன் புருஷனா? இல்லேன்னா பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன். அதென்ன, நெத்தியில நீலமா?"

நெற்றியில் மாட்டிச் சுமந்த கரிக்கூடையின் வார் அறுத்த காயத்தில் கரித்தூள் படிந்த தழும்பு அது. எல்ஸ்பெத் தொப்பியை வெடுக்கென்று கீழே இழுத்தாள். மூர்ஹெட்டுக்கு அறுபது வயது. விரலெல்லாம் மூக்குப்பொடிக் கறை. அவரைப் பார்த்தாள். ஏணி ஞாபகம் வந்தது.

"ஆமாங்க. இவர்தான் என் புருஷன்."

டெயிட் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "மூர்ஹெட் வீடு. வேலைக்காரி: இல்லை."

அதன்பிறகு கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பதினோரு நாளும் எப்படியோ கழிந்தன. பன்னிரண்டாம் நாள் காலை துணிமூட்டையோடு வந்து நின்றாள்.

"கெடு முடிஞ்சுது ஐயா. இனிமே என்னை யாரும் பிடிக்க முடியாது. சம்பளத்தைக் குடுத்தீங்கன்னா கிளம்பிருவேன்."

மூர்ஹெட் ஓட்ஸ் கஞ்சியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளில் அவரும் யோசித்திருந்தார்.

"சம்பளமா? பொண்டாட்டிக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்? மூட்டையை உள்ள வை. போனா இழுத்துட்டு வருவேன். டெயிட்டே சாட்சி."

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

அந்த வரி ஏடு இன்னும் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, பூச்சி அரிக்காமல். எல்ஸ்பெத் அந்த அடுப்படியில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தாள். ஒரு வருஷத்துப் பக்கத்திலும் அவள் பெயர் இல்லை.