மிச்ச மருந்து

தேயிலைத் தோட்டத்துக் களையைச் சாகடிக்கும் புல்லு மருந்து அடிப்பதில் பழனியாண்டியை மிஞ்ச பூண்டுலோயாப் பக்கம் ஆளில்லை. முதுகு டாங்கியில் மிச்சம் இருந்தால் ஸ்டோருக்குத் திருப்பித் தூக்கிப்போக மாட்டார். மருந்தடிக்கிற எல்லாரையும் போல வழியில் எங்காவது அடித்துத் தீர்த்துவிடுவார். அன்றைக்கு மட்டும் மிச்சத்தைக் குடியிருக்கும் லயத்துக்கே கொண்டுவந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தேர் வாசல் வழியாக வரும். கொழுந்து பறிக்கையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட மனைவி சண்முகவடிவு மூன்று மாதமாக ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். சாமியையாவது மறைப்பில்லாமல் பார்க்கட்டுமே என்று, அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து, எதிரே புதர் மண்டிய வேலிக்கு அடித்துத் தள்ளினார். மனுசனுக்கு ஒரே பெருமை.

நாலாம் நாள் வேலி பழுத்தது.

"என்னங்க, கொடியெல்லாம் ஏன் மஞ்சளா போவுது?"

"மருந்தடிச்சேன். தேர் வருதுல்ல."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து வேலியை எட்டிப் பார்த்தாள்.

"அது ஈஸ்வரமூலிங்க. அஞ்சு புழு இருந்துச்சு. கருப்பும் மஞ்சளுமா கையகலத்துல ஒரு வண்ணாத்திப்பூச்சி வந்து முட்ட வச்சிட்டுப் போச்சின்னு தெனமும் சொன்னேனே. நம்ம நாட்ட விட்டா வேற எங்கயும் இல்லாத சாதியாம், பக்கத்து வீட்டு வினோதா போன்ல பார்த்துச் சொன்னா. அதோட புழு அந்த எலயத் தவிர வேற எதையும் திங்காதாம்."

சொல்லியிருக்கிறாள். தினமும் சாப்பாட்டின்போது சொல்லியிருக்கிறாள். அவரும் ரொட்டியைப் பிய்த்தபடி 'ம்' கொட்டியிருக்கிறார். ஒரு சொல்லாவது காதில் ஏறியிருந்தால்தானே! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வேலிக்கு ஓடினார். மூன்று புழு செத்துக் கிடந்தன. இரண்டு மட்டும் வாடிய தண்டில் மேலும் கீழும் ஊர்ந்தன.

"ரெண்டு உசுரோட இருக்கு, வடிவு. எல புடுங்கியாறேன்."

ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையில் தேடினார். பதினோராம் நம்பரில் தேடினார். ஆற்றோரம், பாறை இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. ஓர் இலை கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? பதினெட்டு வருசமாக அத்தனை மலைக்கும் மருந்தடித்தவர் அவர்தானே. ஒரு செடி தப்பாது என்று தோட்டத்துத் துரையிடமே பெயர் வாங்கியவர்.

பொழுது சாயும்போது வெறுங்கையோடு வந்து நின்றார். சண்முகவடிவு அவர் கையைப் பார்த்தாள், பிறகு வெளியே பார்த்தாள். அந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சி வேலியைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. காய்ந்த இலைகளில் காலை வைப்பதும் எழும்புவதுமாக இருந்தது.

"மறுபடி முட்ட வைக்க வந்திருக்கு," என்றாள். "இந்தக் கட்டிலச் சொவத்துப் பக்கமாத் திருப்பிப் போடுங்க."

"வெள்ளிக்கிழம தேர் வருமே, வடிவு."

"வரட்டுங்க. திருப்புங்க."

திருப்பிப் போட்டார்.