கோட்டுக்கு உள்ளே

நடுக்கம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தும் யாரும் கை தட்டவில்லை. எப்படித் தட்டுவார்கள்? அவுட் ஆனவர் சின்னப் பண்ணை இராமச்சந்திரன். மட்டை அவருடையது, பந்து அவருடையது, அறுப்பு முடிந்ததும் சமன்படுத்திய இந்தப் பாகூர்த் தரையும் அவருடையது. மதராஸில் படித்துவிட்டு வந்தவர் பட்டத்தோடு கிரிக்கெட் பைத்தியத்தையும் கொண்டுவந்துவிட்டார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஆடுகிறார். அவர் மட்டை பிடித்தால் முதல் பத்து ரன்னுக்குள் அவுட் ஆகமாட்டார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் களத்தில் நிற்கிற எல்லோருக்கும் மனப்பாடம்.

"நோ பால்!"

கத்தியது நடுவராக நின்ற பண்ணைக் கணக்குப்பிள்ளை வைத்தியலிங்கம். அதுவும் எப்போது? கம்பு விழுந்து, நாலு பேர் மூச்சை இழுத்து, அதை விட்டும் முடித்த பிறகு.

"கோட்டத் தாண்டிட்டான். பின்னங்காலு கோட்டத் தாண்டிடுச்சி."

பந்து போட்டவன் நாகராஜன். தாண்டவில்லை, அது அவனுக்குத் தெரியும். பந்தை விடும்போது பின்னங்கால் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதானே விதி? காலையில் தண்ணீர் தெளித்த தரை. சப்பாத்து போட்டால் அவனுக்கு ஓட்டம் வராது, வெறுங்கால்தான். முதல் மூன்று பந்தைக் கம்புக்கு அந்தப் பக்கமிருந்து போட்டவன், நாலாவதுக்கு இந்தப் பக்கம் மாறியிருந்தான். ஈர மண்ணில் அவனுடைய பின்னங்கால் தடம் ஒன்றே ஒன்று, ஐந்து விரலோடு, கோட்டுக்குப் பின்னால் பதிந்து கிடந்தது.

அந்த மூன்று பந்தையும் அவன் நைனா சாமிநாதன் சொன்னபடிதான் போட்டான். செலியமேட்டில் அவர்கள் உழுகிற மூன்று காணியும் இராமச்சந்திரனின் குத்தகை நிலம். "மெதுவா போடுடா. அவுரு அடிச்சிட்டுப் போவட்டும். நெலத்தப் புடுங்கிக்கினா நாம இன்னா பண்றது?" என்று காலையில் சொல்லித்தான் கூட வந்தார். ஆனால் பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே உலகநாதன், அவர் மதராஸில் ஒரு கம்பெனியின் ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறவர். கடலூரில் ரயிலிறங்கி, பிரெஞ்சு எல்லையில் சுங்கம் பார்க்கிற ஆயக்காரனுக்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, மாட்டு வண்டியில் வந்திருந்தார். பந்து போடத் தெரிந்தவனாக ஒருவனைக் கூட்டிப்போவார். பேருக்குக் குமாஸ்தா வேலை, உண்மையில் பந்து போடத்தான் சம்பளம். மூன்றாவது பந்து முடிந்ததும் அவர் கொட்டாவி விட்டுக்கொண்டு கடிகாரத்தை எடுத்தார். போச்சுடா, என்று நினைத்தான் நாகராஜன். நாலாவது பந்தில் அவன் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை.

இப்போது உலகநாதன் எழுந்துவிட்டார்.

"நான் வந்து பாக்கலாமா?"

யாருடைய பதிலுக்கும் காத்திராமல் நடக்கத் தொடங்கினார். கனத்த உடம்பு, மெதுவான நடை. வைத்தியலிங்கத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார்.

"டேய், கால வெச்சி ஒரு தேய்ப்பு தேய்ச்சிடு. உனக்கு நெலம், எனக்கு வேல. எனக்கும் மூணு பொண்ணு இருக்குதுடா."

பாவி மனுஷன், கெஞ்சினால் எப்படிக் கோபித்துக்கொள்வது? நாகராஜன் தடத்தைப் பார்த்தான். ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். மூன்று காணி தங்கும். அடுத்த வருஷம் வேறு யாராவது மதராஸிலிருந்து வரமாட்டார்களா? வரமாட்டார்கள் என்று அவனுக்கே தெரிந்தது. உலகநாதன் பாதித் தூரம் வந்துவிட்டார். நாகராஜன் காலைத் தூக்கினான்.

"கால எட்றா!"

சாமிநாதன். களத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆட்டம் தெரியாது, ரன் தெரியாது. கோட்டைத் தாண்டினான் என்று சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்தது. அடுத்தவன் வரப்பில் ஒரு கொத்து மண் எடுத்தான் என்று இந்த வயசு வரைக்கும் ஒருத்தன் வாயிலிருந்து பேச்சு வாங்காத மனுஷன் அவர்.

"எந்தக் கோட்டத் தாண்டினான் எம் புள்ள?"

"யோவ் சாமிநாதா, வெளிய போய்யா. இது இன்னா உங் கொல்லையா?" என்றார் வைத்தியலிங்கம்.

சாமிநாதன் காதில் வாங்கவில்லை. மகனை ஒதுக்கிவிட்டுத் தடத்தருகே குந்தினார். கட்டைவிரலைத் தடத்தின் முனையில் வைத்து, கையை விரித்து, சுண்டுவிரலைச் சுண்ணாம்பில் ஊன்றினார்.

"ஒரு சாண் உள்ளதாங்க கெடக்குது. தாண்டல."

உலகநாதன் வந்து குனிந்தார். எதிர்முனையிலிருந்து இராமச்சந்திரனும் மட்டையோடு நடந்து வந்து நின்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது நாகராஜனுக்கு.

"நல்லா அளந்துட்டியா, சாமிநாதா?"

"அளந்துட்டங்க."

"இன்னொரு வாட்டி பாரு."

சாமிநாதன் மறுபடியும் குனிந்து பார்த்தார். கை ஈர மண்ணில் விரித்தபடியே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.