கழற்றாத சட்டை

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த ஸஜாத் சட்டையைக் கழற்றாமலே சோற்றில் கை வைத்தபோதுதான் றஸ்னாவுக்கு முதல் சந்தேகம் தட்டியது. கல்முனைக்குடி வெயிலில் எந்த ஆம்பிளை வீட்டுக்குள் சட்டையோடு இருக்கிறான்? அதுவும் இவன். வாசல் தாண்டுமுன்னே பொத்தானை அவிழ்க்கிறவன்.

அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவனுக்குச் சமையல் வேலை. வியாழன் பின்னேரம் பஸ்ஸில் வந்து சனி காலையில் திரும்பிவிடுவான். முதல் நாள் இரவு சட்டையோடு படுத்ததை பஸ் அலுப்பு என்று விட்டிருந்தாள். வீட்டில் நிற்கும் நேரமெல்லாம் சின்ன மகள் அஸ்னா அவன் நெஞ்சில்தான் கிடப்பாள். இம்முறை அவள் ஏற வந்ததும், "வேணாம் மகள், வாப்பாக்கு ஏலா" என்று தள்ளி உட்கார்ந்தான்.

குளியலறைக்குள் போனால் வெளியே வரவே நேரமானது. அவன் வந்த பிறகு றஸ்னா குப்பை வாளியைக் கிளறினாள். பேப்பரில் சுருட்டிய பஞ்சு. அதில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. அடுத்த ஒழுங்கைப் பொடியன் ஒருவனை ஐஸ் போதை பாவிக்கிறான் என்று பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது போன மாதம்தான். அஸர் தொழுகைக்கு அவன் கைகால் கழுவி ஒழு எடுக்கும்போது குழாயடியில் எதையோ கழுவுகிற மாதிரி நின்று, முழங்கை மடிப்புகளை உற்றுப் பார்த்தாள். ஊசித் தடம் இல்லை. கையில் இல்லாவிட்டால் வேறு இடத்தில் குத்தியிருக்கலாமே என்று மனம் அடுத்த கதவைத் தட்டியது.

மேசையில் கிடந்த அவன் போன் அப்போது மினுங்கியது. மீனாம்பிகை என்ற பேர். குரல் செய்தி.

"ஆர் இந்த மீனாம்பிகை?"

"அங்க ஒரு கடையில வேல செய்யிற தங்கச்சி. சாமான் விஷயமா இரிக்கும்" என்று போனை எடுத்து மடித்த சாரத்துக்குள் சொருகிக்கொண்டான். செய்தியைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

அடுத்த வியாழன் அவன் காய்ச்சலோடு வந்து இறங்கினான். தைல வாசனை தூக்கியடித்தது. அதற்கு அடியில் சீழ் நாற்றம். றஸ்னா அஸ்னாவை உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சேட்டக் கழட்டுங்க."

"குளிருது றஸ்னா."

"கழட்டுங்க. இல்லாட்டி வாப்பாவக் கூப்பிட்டுக் கழட்டுவன்."

மாமனார் பேரைக் கேட்டதும் அவன் கை பொத்தானுக்குப் போனது. கழுத்தெலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வீங்கியிருந்தது. வீக்கத்தின் நடுவில் ஒரு சின்ன நீலக்கல். எங்கோ இருந்து தெறித்து ஒட்டிக்கொண்டதாக நினைத்து அவள் பிடுங்கப் போனாள். அவன் அலறிக் கையைப் பிடித்தான்.

"இழுக்காத! உள்ளுக்குத் தகடு இரிக்கி. தோலுக்குக் கீழ வெச்சி, கல்ல அதில திருகின."

"ஆர் வெச்ச?"

அவன் பொத்தானைத் திரும்பப் பூட்டப் பார்த்தான்.

"மீனாம்பிகையா?"

"ஓம். அவ பியர்ஸிங், தோலக் குத்திக் கல்லு வெக்கிற வேல செய்யிற பிள்ள. வேற ஒண்டுமில்ல, வல்லாஹி."

நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க நேரமில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஓட்டோ பிடித்து டொக்டர் சிவரூபினியின் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, தகட்டை முழுசாக எடுத்தார். தகட்டின் ஓட்டைக்குள் தசை வளர்ந்திருப்பதைக் காட்டினார்.

"வீட்டில இழுத்திருந்தா பிய்ஞ்சிருக்கும். குத்தின ஊசிப் பக்கெட்டை உங்களுக்கு முன்னால உடைச்சவங்களா?"

"நான் கண்ண மூடிக்கிட்டன், டொக்டர்."

"அப்ப ரத்தம் சோதிக்கத்தான் வேணும். இப்ப ஒருக்கா, மூண்டு மாசத்தால ஒருக்கா. மஞ்சக்காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பம்."

எச்.ஐ.வி. என்ற சொல் றஸ்னாவை வழியெல்லாம் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் போனை எடுத்து நீட்டினாள். "அவ சொன்னதப் போடுங்க. நானும் கேக்கன்."

ஒரு பெண்ணின் குரல் நிதானமாக வந்தது. "அண்ணே, பதிலக் காணல்ல. திரும்பச் சொல்றன். சேலைன் உப்புத்தண்ணியால மட்டும் கழுவுங்க. தைலம், கிறீம் ஒண்டும் பூசாதீங்க. இறுக்கிக் கட்டாதீங்க. ஆறும் வரைக்கும் கடல்ல இறங்கவேணாம். சிவந்து சுட்டா என்னட்ட வாங்க, இல்லாட்டி டொக்டரிட்டப் போங்க. நீங்களாக் கழட்டாதீங்க."

"இதக் கேட்டிருந்தா?" என்றாள் றஸ்னா.

"நீ பக்கத்தில இருந்தாய். பொம்புளக் குரல் கேட்டா என்ன நினைப்பாய் எண்டு விட்டுட்டன்."

வீட்டில் தெரியக்கூடாதென்று கல்லைப் பனியனுக்குள் இறுக்கிக் கட்டியிருக்கிறான். வேலைத்தலத்தில் ஆட்களோடு கடலிலும் குளித்திருக்கிறான். நோவு வந்ததும் தைலம். அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு ஆத்திரம் ஏறியது. ஆனாலும் ஊசி விஷயம் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

காய்ச்சல் விட்டதும் அவனோடு பஸ் ஏறி அறுகம்பேக்குப் போனாள். தகரக் கூரையடியில் அழுக்குக் கடை ஒன்றை எதிர்பார்த்தாள். வெள்ளைத் தரையும் கைகழுவும் தொட்டியுமாக இருந்தது. மீனாம்பிகை திருக்கோவில் பிள்ளை, கொழும்பில் பழகி வந்தவள். ஸஜாத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"எத்தின தரம் எடுத்தன் அண்ணே! ஏன் கதைக்கல்ல?"

அந்த உரிமை றஸ்னாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊசி புதுசெண்டு நான் எப்பிடி நம்பிற?"

மீனாம்பிகை கோபிக்கவில்லை. கருவிகளை அவித்தெடுக்கும் இயந்திரத்தைத் திறந்து காட்டினாள். ஒட்டிய பக்கெட் ஒன்றை எடுத்து, சூடு பட்டால் நிறம் மாறும் கோட்டைக் காட்டினாள். பாவித்த ஊசிகள் போடும் மஞ்சள் பெட்டியையும் காட்டினாள். "கண் மூடிறவங்களுக்கு நான் வாயால சொல்லிச் சொல்லித்தான் உடைக்கிற. ஆனா நீங்க நம்பவேணாம், அக்கா. ரத்தத்தப் பாருங்க. அதுதான் சரி."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் றஸ்னா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள். "காட்ட ஏலாத வடிவு என்னத்துக்கு?"

"ஆருக்கும் காட்டயில்ல. கண்ணாடியில நான் பாக்கத்தான்" என்றான் ஸஜாத். "ஆசையா இரிந்திச்சி. உன்னட்டச் சொல்லியிருக்கோணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிரவு காயத்தைச் சேலைனால் துடைத்தது அவள்தான்.

முதல் சோதனையில் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவதையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லம், இனிப் பயப்பிடாதீங்க" என்றார் டொக்டர். ஸஜாத் அல்ஹம்துலில்லாஹ் என்று எழும்பினான். றஸ்னா எழும்பவில்லை.

"டொக்டர், பேரச் சரியாப் பாத்தீங்களா? ஊருக்குள்ள ஸஜாத் கனபேர் இரிக்காங்க."