தாமதத்துக்குக் காரணம்

பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவருக்கு அங்கே மணிக்கூண்டு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஓய்வு பெற்று எட்டு மாதம், அதட்டி அனுப்ப ஒரு பேருந்துகூட இல்லாமல் கை நமநமத்துக் கிடந்தார் மனுஷன். அவரிடம் போய், "அப்பா, நீங்களும் அம்மாவும் ஐரோப்பா போயிட்டு வாங்க. நாலு நாள். டிக்கெட் நான் போடுறேன், சுத்திப் பாக்குற பிளானை நீங்க போடுங்க" என்றாள் மகள். கேட்க வேண்டுமா? அன்றே சாப்பாட்டு மேஜை அவர் ஆபீஸ் ஆகிவிட்டது.

போகப்போவது எண்ணூறு வருடப் பழைய தலைநகரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அரண்மனை, அந்தப் பக்கம் தேவாலயம், நடுவில் முப்பது சிலைகளோடு ஒரு கல்பாலம், சதுக்கத்தில் பெயர்போன மணிக்கூண்டு ஒன்று.

"கூட்டாளியைப் பாக்கப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி. பட்டப்பெயர் வீடு வரை வந்துவிட்ட சேதி அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் பணிமனைப் படிவம் ஒரு கட்டு மிச்சம் கிடந்தது. இடம், வரும் நேரம், புறப்படும் நேரம், தாமதம், தாமதத்துக்குக் காரணம் என்று ஐந்து கட்டம். பத்து நாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்து, நான்கு நாளில் நாற்பத்தோரு இடங்களை அதில் அடைத்தார். கல்பாலத்துக்கு ஆறு நிமிடம். ஒரு சிலைக்குப் பன்னிரண்டு விநாடி. அதற்கு மேல் கல்லில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மகள் போன் செய்வாள், உடனே டிக்கெட் எடுத்துவிடுவாள் என்று ஏற்பாடு. ஐந்து மணிக்கு அவர் படிவக் கட்டை மனைவியிடம் நீட்டினார். அவள் நர்ஸ். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். முதல் தாளைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள். பாராட்டு வரும் என்று இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"என்னங்க, இந்தக் கடைசிக் கட்டத்துல எல்லா வரியிலயும் மனைவி மனைவின்னு இருக்கே. யாரு இது?"

"நீதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது பணிமனைச் சட்டம். கை தானாக ஓடி, தாமதம் ஐந்து நிமிடம், காரணம் மனைவி என்று நாற்பத்தோரு தடவை எழுதித் தள்ளியிருந்தது.

"அது சும்மா ஒரு வழக்கம்தான். மழை, பஞ்சர், ரயில்வே கேட்டுன்னு ஏதாவது ஒண்ணு போடணும். அந்த ஊர்ல ரயில்வே கேட்டு இருக்கான்னு தெரியல, அதனால..." வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் மட்டும் அவர் ஒருநாளும் தாமதித்ததில்லை.

"அப்போ இந்தப் பஞ்சர் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க. உங்களுக்கும் மூணு மணி இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம்" என்றாள். எழுந்து உள்ளே போய் மறுநாள் யூனிஃபார்மை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

அவர் படிவக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அரண்மனையும் தேவாலயமும் யாருக்கு வேண்டும்? ஊரே லீவில் இருக்கும்போது சிறப்புப் பேருந்து விட்டுக்கொண்டிருந்த ஆசாமி அவர். கல்யாணமான நாளிலிருந்து இவளோடு சேர்ந்தாற்போல் நான்கு நாள் எங்கும் போனதில்லை. அவருக்கு வேண்டியது அந்த நான்கு நாள்தான். அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் எதற்குப் படிவம்? பின்னாலேயே போய், "மாத்தி எழுதிடுறேன். அஞ்சு வேணாம், மூணு நிமிஷம்னு போட்டுடுறேன்" என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பணிமனையில இருந்து எங்க ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்?"

"பதினொண்ணு."

"நம்ம பொண்ணு பொறந்த அன்னைக்கு, வலி எடுத்திருச்சுன்னு சாயங்காலம் நாலேகாலுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்க மறுநாள் காலையில ஏழு மணிக்கு வந்தீங்க. கடைசி பஸ்ஸை அனுப்பிட்டு, அப்படியே முதல் பஸ்ஸையும் அனுப்பிட்டு வந்தீங்க. வந்ததும் பிள்ளையைக் கேக்கல. ஒரு வண்டிகூட லேட் இல்லன்னு சொன்னீங்க."

அவர் அந்தக் கதையைப் பணிமனையில் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறார்! குழந்தை பிறந்தபோதுகூட டூட்டியை விட்டு அசையாதவன் என்று மார்தட்டியிருக்கிறார். கேட்டவர்கள் தலையாட்டியது மரியாதையில்தான் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறார், மடையன். வெட்கத்தில் காது சுட்டது.

போன் அடித்தது.

"பிளான் ரெடியாப்பா?"

"அதைக் கிழிச்சுப் போட்டாச்சும்மா" என்றார். இன்னும் கிழிக்கவில்லை, சொல்லிக்கொண்டே கிழித்தார். "உங்கம்மா வந்தா போறேன். அவ எங்க நிக்கிறாளோ அங்க நிக்கிறேன். அவ வரலன்னா எனக்கு எந்த ஊரும் வேணாம்."

மனைவி கை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ரெண்டு டிக்கெட் போடும்மா. ஆனா ஒரே ஃப்ளைட் வேணாம். அப்பாவுக்கு ஒரு நாள் முன்னாடி போடு, எனக்கு மறுநாள் போடு."

"ஏம்மா? தனித்தனியாவா?" என்று மகள் கத்தியது இவருக்கும் கேட்டது.

"நான் போய் இறங்குறப்போ எனக்காக அவர் வந்து நிக்கணும். ஒரு தடவையாவது நிக்கட்டுமே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஊறிய புத்தி எங்கே போகும்?

"எத்தனை மணி வரைக்கும் நிக்கணும்?"

"நான் வர்ற வரைக்கும்."