ஆளில்லாத கடல்

அமரர் ஊர்தியின் ஓட்டுநர் மூன்றாவது முறையாக எஞ்சினை அணைத்தார். இந்தத் தடவை சாவியையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே இது நகராதும்மா. முன்னாடி ராட்டினம், பின்னாடி ஒட்டகம். நடுவுல நாம.”

அண்ணன் கிடந்த பெட்டிக்கு ஒரு பக்கம் தங்கை உட்கார்ந்திருந்தாள், எதிரே அண்ணி. வெளியே குளிர்கால விடுமுறை வாரத்தின் இரண்டாம் நாள், சனிக்கிழமை. வருடம் முழுக்க வறுத்தெடுக்கும் வெயில் இந்த ஒரு மாதம்தான் கொஞ்சம் இரக்கம் காட்டும். அதனால் ஊரே கடற்கரையில் கொட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் மணல் சிற்பப் போட்டி, ஒரு பக்கம் படகு சவாரிக்கு வரிசை, மேடையில் யாரோ தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காரிலிருந்து ஐஸ் தின்றபடி ஒரு குழந்தை கையசைத்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வருமுன் தங்கையும் கையசைத்துவிட்டாள்.

மணி மூன்றே முக்கால். கடற்கரையின் தென்கோடியில், பாறைகளுக்கு மேலே மேட்டில் இருக்கிறது இடுகாடு. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். நாளைக்கு விடுமுறை, நாளை மறுநாளும் விடுமுறை. ஐந்தைத் தாண்டினால் அண்ணனைத் திரும்ப வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

“உள்ரோட்டுல போயிருக்கலாம்,” என்றார் முன் இருக்கையிலிருந்த தங்கையின் கணவர்.

“அதைத்தான் சார் ஊர்வலத்துக்குன்னு காலையிலேயே அடைச்சுட்டாங்க.”

“செத்தப்புறமும் மனுஷன் நம்மளைக் கடற்கரையில காக்க வைக்கிறாரு பாரு,” என்றார் கணவர்.

அண்ணி காதில் அது விழுந்தது. அவள் பெட்டியின் மூடிமேல் இருந்த கையை எடுக்கவில்லை. நேற்று விடியற்காலை, விடுமுறை வாரத்தின் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அண்ணன் செருப்பு வாரை மாட்டக் குனிந்தார். அடுப்படியிலிருந்து பார்த்த அண்ணி, வார் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துப் பால் பொங்கும்வரை நின்றிருக்கிறாள். “குனிஞ்சவர் நிமிரவே இல்லைடி,” என்று தொலைபேசியில் சொன்னபோதும் அவள் குரல் உடையவில்லை.

அண்ணன் இந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர். இருபத்தொன்பது வருடம். பக்கத்தில் கடை போட்டவர்களுக்கெல்லாம் அவர் பெயர் ‘விசில்’. வீட்டில் மட்டும் அந்த வேலையை யாரும் பெரிதாக மதித்ததில்லை. சொந்தபந்தம் எல்லாம் ஒன்றுகூடிச் சுற்றப்போகும் விடுமுறை வாரத்தில் அவர் மட்டும் வரமாட்டார். “உன் அண்ணன் கடலுக்குக் காவல் இருக்கப் போயிட்டாரா? யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க,” என்று சிரிப்பார்கள். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது ஒரு வேலையா?

அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கும் அறையில். வருடம் ஒருமுறை அண்ணன் வந்து வேலைக்கான பார்வைச் சான்றிதழ் வாங்கிப் போவார். போன வருடம் கடைசி வரியில் இரண்டு எழுத்தைத் தப்பாகப் படித்தார்.

“பரவாயில்லண்ணே, சரியா படிச்சதாவே எழுதிடுறேன். உக்காந்து பார்க்கிற வேலைதானே.”

அண்ணன் அப்படி முகம் மாறி அவள் பார்த்ததில்லை. “படிக்கலைன்னா படிக்கலைன்னு எழுது,” என்றார். அவள் எழுதினாள். அவரைக் காவல் கோபுரத்திலிருந்து இறக்கி, தண்ணீர் ஓரத்தில் நிற்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதன்பிறகும் அவளிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இந்த மனிதருக்கு எதற்கு இவ்வளவு வீம்பு என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கணவரின் கோபம் வேறு. பதினொரு வருடத்துக்கு முன், இதே விடுமுறை வாரம். அவர் மேடைக்கு இடது புறம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். கரையிலிருந்து விசில். கேளாதவர்போல் இன்னும் இரண்டடி வைத்தார். அண்ணன் சீருடையோடு தண்ணீரில் இறங்கி, மணிக்கட்டைப் பிடித்து, இருநூறு பேர் பார்க்க அவரைக் கரைக்கு நடத்திக்கொண்டு வந்தார். “மன்னிச்சுக்குங்க மாப்ள, அங்க நிக்கக் கூடாது.” ஊரில் நாலு பேர் மதிக்கும் மருந்துக் கடைக்காரர் ஈரக் கால்சட்டையோடு, பள்ளிக்கூடத்துப் பையன்போல் நின்றார். இருவருக்கும் இடையே அன்றைக்கு நின்ற பேச்சு, நின்றதுதான்.

ஊர்தியின் பின்கதவை யாரோ தட்டினார்கள். சிவப்புச் சட்டை, வெறுங்கால், முழங்கால்வரை மணல். முப்பத்தைந்து வயதிருக்கும்.

“அக்கா, நான் இங்க ஷிஃப்ட் பொறுப்பாளன். அரை மணி நேரமா கோபுரத்துல இருந்து பார்க்கிறேன், வண்டி அசையலை. இது அண்ணன்தானே?”

“ஆமா தம்பி,” என்றாள் தங்கை.

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்துக் கைகூப்பினான். “விடுமுறை வாரம், ஒருத்தருக்கும் லீவு தரலை. பொழுது சாய்ஞ்சதும் நேரா வீட்டுக்கு வரலாம்னு இருந்தோம். இப்ப வேற வழியில்லம்மா. தண்ணி ஓரமா நடந்தா முக்கால் மணி நேரம். நாங்க தூக்கிட்டு வர்றோம்.”

“வேலையை விட்டுட்டா? இத்தனை ஜனம் தண்ணியில நிக்குது,” என்றாள் தங்கை.

“கடலை ஆளில்லாம விட்டுட்டு வந்தா அண்ணன் எந்திரிச்சு வந்து அறைவாரு. அதனால, கடல்ல ஆளில்லாம பண்ணிட்டு வர்றோம்.”

முன் இருக்கையிலிருந்து கணவர் திரும்பினார். “பத்தாயிரம் பேரையா? சும்மாவா விடுவாங்க? காறித் துப்புவாங்க. விசிலடிச்சே திட்டு வாங்கினவருய்யா உங்க அண்ணன்.”

“உண்மைதான் சார்,” என்றான் பொறுப்பாளன், கோபமில்லாமல். “அண்ணன் இழுத்துட்டு வந்த உயிர் நூத்திச் சொச்சம். அது ரிஜிஸ்தர்ல இருக்கு. விசிலடிச்சுத் திருப்பி அனுப்பினவங்க எத்தனை பேரு? அது எதுலயும் இல்ல. அவங்கெல்லாம் அவரைத் திட்டிட்டே நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்துட்டாங்க.”

கணவர் கண்ணாடி வழியே கடலைப் பார்த்தார்.

“மொத்தம் பத்துப் பேர் இருக்கோம். அஞ்சு பேர் கரையைப் பிடிச்சு நிக்கணும், இல்லேன்னா எவனாவது குதிச்சுருவான். தூக்க அஞ்சு பேர். இன்னொரு தோள் வேணும்.” அவன் ஓட்டுநரைப் பார்த்தான். வண்டியை விட்டு வரமுடியாது என்று ஓட்டுநர் கையை விரித்தார்.

முன்கதவு திறந்து மூடியது. தங்கை எட்டிப் பார்த்தாள். கணவர் சாலையோரம் குனிந்து கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளன் கோபுரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மூன்று நீண்ட விசில். அடுத்த கோபுரத்திலிருந்து மூன்று. அதற்கடுத்ததிலிருந்து மூன்று. அந்தச் சத்தம் கரை நெடுகத் தாவித் தாவி வடக்கும் தெற்குமாகப் போய்த் தேய்ந்தது.

முதலில் தண்ணீரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நகர ஆரம்பித்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், பெண்கள் சேலையையும் கால்சட்டையையும் பிழிந்துகொண்டே வந்தார்கள், மிதவைகளை இழுத்துக்கொண்டு குழந்தைகள் வந்தன. கண்ணுக்கு எட்டியவரை ஒரு நகரமே தண்ணீரிலிருந்து எழுந்து வருவதுபோல் இருந்தது. யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ மேடையில் பாட்டை நிறுத்தினார்கள். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். திட்டு எழும் என்று தங்கை காத்திருந்தாள். எழவில்லை. ஆறு பேர் தோளில் பெட்டி மணலில் இறங்கியதும் கூட்டம் தானாக விலகி, நீர் விளிம்பு வரை ஒரு வழி உண்டாயிற்று.

“யாருங்க?” என்று ஒரு கிழவர் ஐஸ் வண்டிக்காரனைக் கேட்டார்.

“நம்ம விசிலு,” என்றான் அவன். அந்த ஒரு சொல் பெட்டிக்கு முன்னால் ஓடியது. அவர்கள் போய்ச் சேருமுன்பே அங்கங்கே தொப்பிகள் தலையை விட்டு இறங்கியிருந்தன.

ஈர மணல் கெட்டியாக இருந்தது. இடது பக்கம் கடல், வலது பக்கம் வரிசை வரிசையாக நனைந்த மனிதர்கள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கை பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறாள். இந்தக் கடலில் பகல் வேளையில் ஒரு தலைகூட இல்லாமல் அவள் பார்த்ததில்லை. அது அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு மூச்சு இருந்தது.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். அலைகள் வெள்ளையாக உடைந்து உடைந்து வந்துகொண்டிருந்தன, ஓரிடம் தவிர. அங்கே மட்டும் நுரை இல்லை. ஒரு தெருவின் அகலத்துக்குத் தண்ணீர் கருநீலமாக, மழமழவென்று, சத்தமில்லாமல் கிடந்தது. பார்க்கப் பார்க்க அது கிடக்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. மேலே மிதந்த ஒரு மஞ்சள் மிதவை கரையை விட்டு நேராக, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் உள்ளே போயிற்று. அவள் நூறு எண்ணுவதற்குள் புள்ளியாகிவிட்டது.

“தம்பி, அது என்ன? அந்த அலையில்லாத இடம்?”

“இழுப்பு, அக்கா. அலை கொண்டுவர்ற தண்ணி திரும்பிப் போற பாதை. ஜனம் நிக்கிறப்ப கண்ணுக்குத் தெரியாது. அலை இல்லையே, நல்ல இடம்னு நினைச்சுக் குழந்தையோட அங்கதான் போய் நிப்பாங்க. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தள்ளிப் போகும். அண்ணன் மட்டும் ஆயிரம் தலைக்கு நடுவுலயும் அதைப் பார்த்துருவாரு.”

“எப்பவும் இந்தப் பக்கம்தானா?” பெட்டிக்கு அடியிலிருந்து கணவரின் குரல் மூச்சிரைப்போடு வந்தது.

“குளிர்காலத்துல பெரும்பாலும் இங்கதான் சார். மேடைக்கு இடது கை, இடுப்பளவு ஆழத்துலயே ஆரம்பிச்சுரும். ரெண்டடி கூட வச்சா போதும்.”

கணவர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்த பெட்டி, அதன்பிறகு மேடு ஏறும்வரை தாழவே இல்லை.

தங்கை அந்தக் கருநீலத் தெருவை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்தாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியை ஆயிரம் பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள் அவள். இருபத்தொன்பது வருடமாக அண்ணன் எதைப் படித்துக்கொண்டிருந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இடுகாட்டுக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. காவலாளி இரண்டு கதவையும் அகலத் திறந்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உயிர்காப்பாளர்கள் ஐந்து பேரும் ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு பொறுப்பாளன் அண்ணியிடம், “அம்மா, ஜனத்தை இதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது,” என்றான்.

“போங்கப்பா. ஓடுங்க,” என்றாள் அண்ணி. இரண்டு நாளில் அவள் குரல் அப்போதுதான் நடுங்கிற்று. “அவர்னா நின்னுருக்கவே மாட்டாரு.”

அவர்கள் பாறைகளில் தாவி ஓடினார்கள். மேட்டிலிருந்து முழு வளைகுடாவும் தெரிந்தது. கரை நெடுக ஜனம், ஒரே கோடாக, கடலைப் பார்த்தபடி. கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கீழே ஒரே ஒரு விசில், சின்னதாக.

மறுபடி தண்ணீரில் இறங்கலாம் என்று அர்த்தம். ஆனால் யாரும் அசையவில்லை. ஓர் அலை வந்து அத்தனை பேரின் கால்களையும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அடுத்த அலை வந்தது.