கரீமுக்கு ஒரு மடி

என் மடியை இரவல் கேட்டு ஒருத்தி எங்கள் வீட்டுப் படியேறி வருவாள் என்று எவனாவது ஜோசியம் சொல்லியிருந்தால், அவனைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டியிருப்பேன். வந்தது வஹிதா அக்கா. பென்னாகரத்தில் எனக்கு லாரி ரிப்பேர் கற்றுக்கொடுத்த ஹயாத் பாஷா பாயின் சம்சாரம். பாய் குவைத்துக்குப் போய், ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாகி, எனக்கும் அங்கேயே வேலைக்கு விசா அனுப்பியிருந்தார். அதே சமயத்தில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்திருந்தது.

"தம்பி மாது, உன் மடி சும்மாதானே கெடக்குது?" என்றாள் அக்கா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. என் அம்மா கண்ணம்மாள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அட, தப்பா நெனைக்காதீங்கம்மா" என்று அக்கா உட்கார்ந்து விளக்கினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஷகிலாவுக்கு அஞ்சு வயது. அடுத்தது பக்ருதீன், கரீம் என்று இரட்டை. பாய் குவைத்துக்குக் கிளம்பும்போது வயிற்றில் இருந்தவர்கள். இரண்டு வயது முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. பெங்களூரில் டிக்கெட் போடும் ஏஜெண்ட் ஒரு சட்டம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"ரெண்டு வயசு ஆவாத கொழந்தைய மடியில வெச்சுக்கினா பத்துல ஒரு பங்கு டிக்கெட்டு போதுமாம். ஆனா ஒரு மடிக்கு ஒரு கொழந்ததானாம். ரெண்டாவதுக்குத் தனியா சீட்டு வாங்கணும், பாதி டிக்கெட்டாம். ரெட்டப்புள்ள பெத்தவளுக்கு ஆண்டவன் ரெண்டு மடியா குடுத்திருக்கான்? இந்தச் சட்டத்தை எழுதுனவனுக்குப் புள்ளகுட்டியே இருந்திருக்காது!"

பாய் அனுப்பிய பணத்தை எப்படி இழுத்தாலும் அந்தப் பாதி டிக்கெட்டுக்கு எட்டவில்லை. பம்பாயிலிருந்து நேராகப் போகிற விமானம் வேண்டாம், பஹ்ரைனில் இறங்கி மாறிப் போகிறதுதான் மலிவு என்று அதையும் பார்த்தாயிற்று. நாள் கடத்தினால் இரட்டைக்கு இரண்டு வயது முடிந்து, இரண்டு பேருக்கும் பாதி டிக்கெட் ஆகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அதன் பெயர் ஜான் பீ. பாயின் அக்கா, கடைவீதியில் வளையல் கடை வைத்திருந்தவள், குழந்தை இல்லாதவள். பக்ரு பிறந்ததிலிருந்து சளித்தொல்லைக்காரன். அவனை அம்மாவால் கீழே விட முடியாது. அதனால் கரீம் ராத்திரியெல்லாம் ஜான் பீயிடம்தான் தூங்குவான். பணம் போதவில்லை என்று தெரிந்ததும் ஜான் பீ சுலபமாக வழி சொல்லிவிட்டாள். கரீம் என்னிடம் இருக்கட்டும், அடுத்த தடவை வந்து கூட்டிக்கொண்டு போ.

"அடுத்த தடவன்னா எப்போ மாது? அதுக்குள்ள அவன் என்னப் பாத்து இந்த அம்மா யாருன்னு கேப்பான்" என்று சொல்லும்போதே அக்கா அழுதுவிட்டாள்.

எனக்கு இது ஆகவே ஆகாது. யாராவது அழுதால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் முன்பின் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் சொல்லித் தொலைத்தேன். அவர்கள் போகிற விமானத்திலேயே எனக்கும் டிக்கெட், அந்த டிக்கெட்டோடு கரீமின் பெயரையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

முடிவானால் போதுமா? கரீம் ஒத்துக்கொள்ள வேண்டுமே! என்னைப் பார்த்தாலே அவன் வீல் என்று கத்துவான். காரணம் பிறகுதான் தெரிந்தது. சோறு ஊட்டும்போதெல்லாம் ஜான் பீ, "சாப்பிடலேன்னா மாது வருவான், தூக்கிக்கினு போயிடுவான்" என்று சொல்லியே ஊட்டியிருக்கிறாள். ஊரில் பூச்சாண்டிக்கா பஞ்சம்? என்னைத்தான் பிடித்தாளா?

வஹிதா அக்கா சளைக்கவில்லை. ஏரோப்ளேனிலும் இடத்தை விட்டு எழாமல்தானே உட்கார வேண்டும், பஸ்ஸிலேயே பழக்கிவிடலாம் என்றாள். தினமும் மத்தியானம் பென்னாகரத்தில் ஏறி, இண்டூர் வழியாகத் தருமபுரி போய், அதே பஸ்ஸில் அப்படியே திரும்பி வர வேண்டும். அக்காவும் ஷகிலாவும் பக்ருவும் முன்னால் லேடீஸ் சீட்டில். நானும் கரீமும் பின்னால். அவன் எவ்வளவு கத்தினாலும் அக்கா திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் கத்தினாலும் பார்க்கமாட்டாள்.

முதல் நாள் பஸ் புறப்படுகிற நேரத்தில் ஜான் பீ ஓடி வந்தாள். "பாவம், வெயில்ல போறான், என் கண்ணு" என்று ஒரு பெரிய டம்ளர் நன்னாரி சர்பத்தைக் கரீமுக்குக் குடிக்க வைத்தாள். எவ்வளவு பாசம் என்று நான்கூட நெகிழ்ந்தேன். இண்டூர் வருவதற்குள் அந்தப் பாசம் முழுக்க என் வேட்டியில் இறங்கிவிட்டது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கி டீ குடிக்க, நான் மட்டும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னாங்க, எறங்கலீங்களா?" என்றான் கண்டக்டர்.

"எறங்குற நெலமையிலயா இருக்கறன்? போய்யா!" என்றேன்.

மறுநாள் கம்பைநல்லூர்க்காரர் மாரப்பன் என்பவர் தருமபுரியில் அதே பஸ்ஸில் ஏறினார். அவர் மகளைத்தான் அம்மா எனக்குப் பேசி வைத்திருந்தாள். அந்த மனுஷனுக்கு நேர் எதிரே நான் ஒரு குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். யாருடைய குழந்தை என்று கேட்டார். எங்கள் பாயுடையது என்றேன். அப்போது உன்னிடம் ஏன் இருக்கிறது என்றார். ஒரு மடி, பத்தில் ஒரு பங்கு, பாதி டிக்கெட் என்று நான் விளக்க விளக்க, அந்த ஆள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டே போனார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம்.

அடுத்தது என் மீசை. கரீம் மெல்ல மெல்ல என்னிடம் வர ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் கத்துவதை நிறுத்தி, என் முகத்தைத் தடவிப் பார்த்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே இரண்டு கையாலும் மீசையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் அதே வேலை. வளையல் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஜான் பீ, "நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று கூசாமல் சொல்லிச் சிரித்தாள்.

"ஏன்க்கா, உங்களுக்கு மனசாட்சியே இல்லீங்களா?"

"இருக்குதுடா. அதான் மீசையோட வுட்டேன். தலைமுடிய இழுக்கச் சொல்லல பாரு."

நேராக முடிவெட்டுகிற ஆண்டி கடைக்குப் போய் மீசையை எடுத்துவிட்டேன். வெறும் உதட்டோடு வந்து நின்ற என்னைப் பார்த்ததும் ஜான் பீயின் சிரிப்பு நின்றுபோனது. இவன் நிஜமாகவே கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு என்னமோ போல இருந்தது. அதை மறைக்க ஆண்டி மீசையை ஒழுங்காக மழிக்கவில்லை என்று அவனிடம் போய்ச் சண்டை போட்டேன்.

கிளம்புகிற நாள் வந்தது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஊரே நின்றது. ஜான் பீ மட்டும் வரவில்லை. கரீம் கடைவீதிப் பக்கமே பார்த்து, "பூப்பி, பூப்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவின் அக்காவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வஹிதா அக்கா மூட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். டிரைவர் ஹாரன் அடித்தபோது ஜான் பீ வந்தாள். கையில் சுருட்டிய பச்சைச் சேலை. பஸ் ஜன்னல் வழியாக அதை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "இதுல என்னாக்கா வெச்சிருக்கீங்க? மொளகாப் பொடியா?"

"பழைய சேலைடா. துவைக்காமதான் எடுத்தாந்தேன். இதுல மூஞ்சிய வெச்சாதான் அவன் தூங்குவான். இது அவன் அம்மாளுக்கே தெரியாது. அவன் அழுதா உன் மடியில விரிச்சுக்கோ."

நான் அவளையே பார்த்தேன். அவள் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த ஒரே ஆயுதம் அதுதான். அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால், பம்பாய் போவதற்குள் கரீம் கத்துகிற கத்தலில் நாங்களே அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்போம்.

"பஸ்ஸுல அழுதா எறக்கித் தூக்கிக்கலாம். வானத்துல அழுதா எங்கடா எறங்குவான் அவன்?" என்றாள். கரீமின் காலை ஒரு தடவை பிடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வஹிதா அக்கா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுததற்குக்கூட எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை.

பம்பாய் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அதில் கம்பீரமாக மீசை வைத்த ஒருவன், எதிரே மொழுமொழுவென்று வேறு ஒருவன், இடுப்பில் குழந்தை. அந்தக் குழந்தையின் பெயர் டிக்கெட்டில் அவனோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டிலோ வேறொரு பொம்பளையோடு இருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்? அவர் இந்தியில் என்னமோ அதட்டினார். எனக்கு இந்தி தெரியாது, கோபம் மட்டும் தெரியும். நல்லவேளை, வஹிதா அக்கா குறுக்கே புகுந்து உருதுவில் பொரிந்து தள்ளினாள். அந்த மனுஷன் பாதி நம்பினார். மீதியைக் கரீம் நம்ப வைத்தான். பழக்க தோஷத்தில் இரண்டு கையும் நீட்டி என் மூக்குக்குக் கீழே இல்லாத மீசையைத் தேடித் தேடி, கடைசியில் உதட்டைப் பிடித்து இழுத்தான். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

விமானம் மேலே ஏறும்போது நான் என்ன செய்தேன் என்பதை விரிவாகச் சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று கரீமை இறுக்கிக்கொண்டேன் என்பது வரைக்கும் சொல்லலாம். காது அடைக்காமல் இருக்க அக்கா கொடுத்த பால் புட்டியைக் கரீம் தூக்கி எறிந்தான். முன் சீட்டுக்காரர் தலையில் போய் விழுந்தது. பிறகு அழ ஆரம்பித்தான். அது பஸ்ஸில் அழுத அழுகை இல்லை. பூப்பியைக் கேட்டு அழுதான். விமானமே திரும்பிப் பார்த்தது. அக்கா மடியில் பக்ரு, பக்கத்தில் வாந்தி எடுக்கும் ஷகிலா. அவளால் எழ முடியவில்லை, கையை மட்டும் நீட்டினாள், எட்டவில்லை. நான் பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து மடியில் விரித்தேன். கரீம் அதில் முகத்தைப் புதைத்து, இரண்டு விம்மல் விம்மி, அப்படியே தூங்கிப்போனான்.

பஹ்ரைனில் விமானம் மாறினோம். அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போய் நான் நொண்டிக்கொண்டு நடந்தேன்.

குவைத்தில் பாய் வெளியே காத்திருந்தார். சிவப்புச் சட்டை, இரண்டு கை நிறைய சாக்லேட். ஷகிலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பக்ரு ஒரு சாக்லேட்டுக்கு விலைபோய் அப்பாவிடம் தாவினான். அவனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பாய் கரீமுக்குக் கையை நீட்டினார். அப்போதுதான் கண் விழித்த கரீம் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வீல் என்று கத்தினான். பாய் கை நீட்டியபடியே நின்றார். இரண்டு வருஷமாகப் போட்டோவில் பார்த்த பிள்ளை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க பாய்" என்று சேலையை எடுத்து அவர் தோளில் போட்டேன். கரீம் மூக்கை உறிஞ்சினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மெதுவாக அந்தத் தோளுக்கு மாறி முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பாய் சேலை நுனியை எடுத்து முகர்ந்தார். "இது எங்க ஜான் அக்காளுது" என்றார். அம்மா செத்த பிறகு பாயையும் வளர்த்தவள் ஜான் பீதான். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் பிள்ளையும் அப்பனும் ஒரே சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் தூங்கினான், ஒருத்தர் அழுதார்.

"அவளத் தனியா வுட்டுட்டு எப்படிறீ வந்தீங்க?" என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவளையும் கூட்டிக்கினு வந்தரணும்."

"கூட்டியாரலாம்" என்று வஹிதா அக்கா மூக்கைச் சிந்தினாள். "ஆனா அவங்க முழு டிக்கெட்டாச்சே. மடியில வெச்சுக்கினு வர முடியாதே."

சொல்லிவிட்டு ஏதோ யோசித்தாள். பாயும் யோசித்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் இன்னும் வேலையிலயே சேரலீங்க பாய்!" என்றேன்.