சோத்துக்கைப் பக்கம்

சின்ன வயதில் தம்பிக்கு இடது எது, வலது எது என்று பிடிபடவே இல்லை. அதனால் அக்காள் அவனுக்குப் புரிகிற பாஷையில் கத்துவாள். "சோத்துக்கைப் பக்கம் திரும்புடா! பீச்சாங்கைப் பக்கம் போன, செத்த!"

டிவியில் ஆடுகிற வாள்வீரன் விளையாட்டு அது. பாதாள அரண்மனை, அறைக்குள் அறை, வரைபடம் என்று ஒன்றும் கிடையாது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கன்ட்ரோலர். அதை அக்காள் கேட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுவான். ஆகவே கை அவனுடையது, கண் இவளுடையது. எந்தக் கதவுக்குப் பின்னால் எது காத்திருக்கிறது என்று மனப்பாடம் பண்ணி, தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து வழி சொல்லுவாள். ஒரு விடுமுறையில் அரண்மனையை முடித்தார்கள். முடித்தார்கள் என்று நான்தான் சொல்கிறேன், கண்ணுகளா. வீட்டில் எல்லாரும் "முடித்தான்" என்றார்கள்.

இப்போது அக்காள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தம்பி, விளையாட்டு செய்கிற கம்பெனியில் பெரிய ஆள். அவன் அவளோடு பேசுவது குறைந்து குறைந்து, "பிஸிக்கா" என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நின்றிருந்தது. அப்படிப்பட்டவன் ஒருநாள் கடைக்கே வந்தான். அந்தப் பழைய விளையாட்டையே உள்ளங்கையில் வைத்து ஆடுகிற சின்னக் கருவிக்காகப் புதிதாகச் செய்திருக்கிறார்களாம். ஒன்றை அவள் கையில் கொடுத்தான்.

"ஆடிப் பாருக்கா. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லு. மழுப்பாம சொல்லு."

மத்தியானம், லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தன் கையாலேயே அந்த அரண்மனைக்குள் போனாள். வீரனின் தோளில் புதிதாக ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது அறையில் அது வாயைத் திறந்தது.

"நில்லுடா! சோத்துக்கைப் பக்கம் திரும்பு!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா, கண்ணுல தூசியா? கண்ணாடிக் கடைக்கே இந்தக் கதியா?" என்றார் முதலாளி.

"என் தம்பி என்னை மறக்கல சார்."

அடுத்த விடுமுறை நாளில் அவன் வீட்டுக்குப் போனாள். லேப்டாப்பில் நிறை, குறை என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு அவன் தயாராக இருந்தான்.

"படத்துல தண்ணி நெசத் தண்ணியாவே ஓடுது. நெனச்ச எடத்துல நிறுத்திட்டு, அப்புறம் வந்து அங்கேர்ந்தே ஆடலாம். வேலைக்குப் போறவளுக்கு அது பெரிய உபகாரம்டா."

"குறை?"

"பூதம்னு ஒண்ணு வருதே, எறும்பு சைஸ்ல. பயமா வரும்? நசுக்கத்தான் தோணுது. இருட்டும் இருட்டா இல்ல. பழசுல ஒரு கதவைத் திறக்கறதுக்குள்ள நெஞ்சு அடிச்சுக்கும்."

அவன் சிரித்தபடி குறைப் பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டான். குருவியை அவள் கடைசிக்கென்று வைத்திருந்தாள். அதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"அந்தக் குருவிய விட்டுட்டியே! விளையாடுறவன் பூரா அதைத்தான் திட்டுறான். நச்சு நச்சுன்னு. அடுத்த அப்டேட்ல அது வாய அடைச்சுடப் போறோம்."

"அது பேசறத யாருடா எழுதினது?"

"நான்தான்."

"எங்க கேட்ட அந்தப் பேச்ச?"

"எங்கயும் கேக்கலக்கா. உக்காந்தேன், தானா வந்துச்சு. ஏன்?"

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். பவர் இல்லாத கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

"சின்னதுல நாம ஆடினது ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? அந்த லீவு பூரா தனியா உக்காந்து முடிச்சேனே! நீ பாவம், பக்கத்துல தூங்கி வழிவ."

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நானும் இருந்தேனடா என்று எடுத்துச் சொல்லி, அவன் 'ஓ, ஆமால்ல' என்று தலையாட்டி, அதை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்ய?

"அப்போ குருவிய எடுத்துடலாம்ல?" என்றான்.

"எடுத்துடு. ரொம்பத்தான் பேசுது."

"வேற?"

"இன்னொண்ணு." சற்று யோசித்தாள். "இதை ஒருத்தர்தான் பாக்க முடியுது. பக்கத்துல உக்கார்றவங்களுக்கு எதுவும் தெரியல. வெறும் பளபளப்புதான்."

"அட, அது குறை இல்லக்கா! எவன் தொல்லையும் இல்லாம தனியா ஆடலாம். இதோட பெருமையே அதுதானே!"

அதை நிறைப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக அடித்தான்.